இருபத்துமூன்றே கால்

குளியலறைக் கதவை
மூன்று முறை அளந்தார் சோலைமலை.
லேத் பட்டறைக்காரருக்கு
ஒருமுறை அளந்தது வதந்தி.
இருபத்துமூன்றே கால் இஞ்ச்.
சோப்பு அட்டையின் பின்னால் எழுதி
அடிக்கோடிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எல்லீஸ் நகர், ஹவுசிங் போர்டு,
மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
படி திரும்பும் இடத்தையும் அளந்தவர்
இரண்டாம் மாடிக் கதவைத் தட்டி
செருப்பு ஸ்டாண்டை ஒருநாள் மட்டும்
உள்ளே வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தார்.
மிஷின் எதுவென்று இன்னும் முடிவாகவில்லை.

எனக்கு நாற்பத்தொன்பது, அவருக்கு ஐம்பத்துமூன்று.
ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுப்
பதினான்கு மாதம்.
இன்றுவரை இரண்டு வாளி.
சிவப்பில் அவருடைய காக்கி, கிரீஸ் வாடையோடு.
நீலத்தில் என் லேப் கோட்டு.
தனித்தனியாகத் துவைப்போமென்று
யாரும் யாரிடமும் சொல்லவில்லை.
வாளி தானாக இரண்டாகிவிட்டது.

பைபாஸ் ரோட்டுக் கடையில்
மிஷின்கள் வரிசையாக வாய் திறந்து நின்றன,
பல் டாக்டர் வரக் காத்திருப்பதுபோல.
பெலிக்ஸ் என்று பேட்ஜ் குத்திய பையன் கேட்டான்:
"வீட்ல எத்தனை பேரு மேடம்?"

ரேஷன் கார்டில்
நான் இன்னும் தம்பி வீட்டில் இருக்கிறேன்.
கேஸ் புத்தகத்தில்
அவர் இன்னும் தனி ஆள்.
"ரெண்டு" என்றேன்.
"ரெண்டரை" என்றார் அவர்.

பெலிக்ஸ் என்னைப் பார்த்தான்.
"மக திண்டுக்கல்ல இருக்கா. வந்தா போனா."
அவள் வந்ததில்லை.
போனை எடுப்பதே
மாதத்துக்கு ஒரு தடவைதான்.
"அப்ப ஆறு போதாது சார்," என்றான் பெலிக்ஸ்,
கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.
"ஆறரை கிலோ பாருங்க."

செமி ஆட்டோமேட்டிக் ஒன்று, இரண்டு தொட்டி.
அதன் முன்னால் இருவரும்
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டோம்.
டேப்பை இழுத்தார். முப்பத்தொன்று.
"கதவு விடாது" என்றார்.
கதவுக்கு நன்றி.

முன்பக்கம் கண்ணாடி வைத்தது அழகுதான்.
உள்ளே துணி புரள்வதைச்
சீரியல் மாதிரி உட்கார்ந்து பார்க்கலாம்.
ஆனால் எங்கள் போர் தண்ணி உப்பு.
கார்ப்பரேஷன் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்,
அதுவும் விடிகாலை ஐந்தரைக்கு.
பாதியில் தண்ணி நின்றால் துணி உள்ளே, நாம் வெளியே.
கடைசியில் மேலே மூடி வைத்த சாம்பல் நிறம்.
இருபத்தொன்றரை இஞ்ச் அகலம்.
மாதம் ஆயிரத்து அறுநூறு, பத்து தவணை.

குட்டியானையில் வந்து இறங்கியது.
படி திருப்பத்தில்
தூக்கி வந்த இருவரும் மூச்சை நிறுத்த,
அரை இஞ்ச் விட்டுத் திரும்பிவிட்டது.
சோலைமலை முகத்தில் இருந்ததை
பெருமை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

முதல் ஞாயிறு:
"மொதல்ல உன் வெள்ளைய போடு.
என்னுது அப்பறம்."
பிழியும்போது மிஷின் நடக்க ஆரம்பித்தது.
தரை சாக்கடைப் பக்கம் சரிவு.
கட்டிப்பிடித்து நிறுத்தினேன்.
மறுநாள் பட்டறையில் நைலான் கடைந்து
நான்கு வில்லை கொண்டுவந்தார்.
மூன்று போதுமாக இருந்தது.
ஒன்று ஸ்பேர்.

நான்காம் வாரம், மோட்டார் ரிப்பேர்.
தொட்டியில் தண்ணீர் ஒரு தடவைக்குத்தான்.
இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல்
இரண்டு வாளியையும் கவிழ்த்தோம்.

ஃபில்டர் பையில்
சுருண்ட ஒரு இரும்புச் சீவல்,
என் கோட்டுப் பையிலிருந்த டோக்கனின் கூழோடு.
எறியவில்லை. ஜன்னல் கட்டையில் வைத்தேன்,
துரு எப்போது பிடிக்கிறதென்று பார்க்க.

"என்னக்கா, கோட்டு ஒரு மாதிரி பழுப்பா இருக்கு?"
லேபில் கேட்டாள் மீனலோசனி.

"உப்புத் தண்ணி" என்றேன்.