வெள்ளை அட்டை

பேட்டையில் வீடு வீடாகக் கரண்டு கணக்கெடுக்கிறவன் நான்.
இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை
வெள்ளை அட்டையில் ஓர் எண், ஒரு கையெழுத்து.
ராமையன்பட்டி கால்நடை ஆஸ்பத்திரியில்
வாரத்துக்கு ஒரு தடவை.
அங்கே மீட்டர் எங்கள் சுக்கு.

சிப்பிப்பாறை. நாலு வயது. பெட்டை.
மாசியில் ஒருநாள் படியேறாமல் நின்றாள்.
உதட்டைத் தூக்கிப் பார்த்தால்
ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர்.
மூத்திரம் கடுங்காப்பி.

பதிமூணு, என்றார் செண்பகராமன்.
ஈர்க்கு கனத்தில் ஒரு கண்ணாடிக் குழாயைச் சுழலவிட்டு
அளவு அட்டையில் பொருத்தி
ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவர்.
அவரும் ரீடிங் எடுக்கிறவர்தான்.
நூற்றுக்குப் பதிமூன்று பங்கே சிவப்பு.
மேலே தெளிந்து நின்ற நீர்
நன்னாரி சர்பத் நிறம்.

வெளியிலிருந்து யாரும் வரவில்லையாம்.
அவள் உடம்பின் காவல்காரனே
வீட்டு ஆட்களைக் கள்ளன் என்று
வெட்டிக்கொண்டிருக்கிறான்.
டாக்டர் சமீரா இதை இப்படிச் சொல்லவில்லை.
நீளமாய் ஒரு பெயர் எழுதித் தந்தார்,
ரோஸ்லின் அதை பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள்.

ஆக, காவல்காரனுக்கு மயக்கம் கொடுக்கிறோம்.
கூடினால் நிஜக் கள்ளன் வருவான்,
குறைந்தால் இவன் எழுந்துகொள்வான்.
எவ்வளவு உறக்கத்தில் கிடக்கிறான் என்று பார்க்கத்தான்
வாராவாரம் முன்னங்காலில்
ஒரு சதுரம் மயிர் மழிப்பது.

பத்தொன்பது.
இருபத்தேழு.
முப்பத்தொன்று.

முப்பத்தொன்று வந்த சனிக்கு அடுத்த திங்கள்
செக்கடித் தெருவில் ஒரு வீட்டு அட்டையில்
யூனிட் கட்டத்தில் 31 என்று எழுதிவிட்டேன்.
ஓடியிருந்தது நானூற்றுப் பத்து.
அந்த அம்மா பேசாமல் அட்டையை உள்ளே கொண்டுபோய்விட்டார்.
ஆபீசில் நான் வாங்கியது தனிக்கதை.

மாத்திரையும் சும்மா விடவில்லை.
முயலுக்கென்று செய்த இடுப்பு
பானையாய்த் தொங்குகிறது.
குடம் குடமாய்க் குடிக்கிறாள்,
ராத்திரி மூன்று தடவை கதவு திறக்கணும்.
ஞாயிற்றுக்கிழமைச் சொதியைச் சட்டியோடு முடித்தாள்,
தொட்டுக்க வைத்திருந்த இஞ்சிப் பச்சடியையும்.
ரோஸ்லின் கை ஓங்கினாள், சிரித்தாள்,
பிறகு நோட்டை எடுத்து எழுதினாள்:
பசி, கூடுதல். தண்ணீர், மூன்றரை லிட்டர்.

நோட்டு அவள் பொறுப்பு.
எடை, காய்ச்சல், உண்ணி,
முள் கீறியது எந்தத் தேதி, எந்தக் கால்.
மஞ்சள் மாத்திரையைக் கையுறை போட்டுத்தான் தொடுவாள்,
உடைக்க மாட்டாள்.

வைகாசியில் சிவப்பு முப்பத்தெட்டு.
நான் கும்பிட்டேவிட்டேன்.
செண்பகராமன் முகம் தெளியவில்லை,
கண்ணாடிச் சில்லை மறுபடி லென்ஸின் கீழ் வைத்து
உதடு அசைய எண்ணினார்.
"எளவு, வெள்ளை எறங்கிட்டே."
ஆயிரத்து எண்ணூறு.
நல்ல எண்ணுக்குப் பின்னால்
இது குனிந்து உட்கார்ந்திருக்கிறது.

மஞ்சள் மாத்திரை அன்றைக்கே நிறுத்தம்.
பத்து நாள்
காவல்காரன் ஒரேயடியாகப் போய்விட்டானோ என்று
வாசல் கேட்டைக் கயிறு போட்டுக் கட்டிவைத்தோம்,
ஒரு தெருநாய் மூச்சுக்கூட உள்ளே வராதபடி.
தும்மினால் நாங்களே திண்டாடி
முற்றத்துக்கு ஓடினோம்.

இப்போது வெள்ளை ஐயாயிரத்து நானூறு.
சிவப்பு முப்பத்தாறு.
சின்ன மாத்திரை ஒன்று, முக்கால், அரை.
"பைய" என்கிறார் டாக்டர்,
"ஆடி முடியட்டும், காலாக்குவோம்."
குணமாயிட்டா டாக்டர் என்றேன்.
அடுத்த ரத்தம் சொல்லட்டும் என்றார்.
பூட்டிய வீட்டு வாசலில் நின்று
நானும் இப்படித்தான் எழுதிவிட்டுப் போவேன்.

ராத்திரி, கடைசித் தடவை வெளியே விட்டு வந்தபின்,
உதட்டைத் தூக்கி
ஈறில் பெருவிரலை அழுத்துகிறேன்.
வெளுக்கிறது.
விரலை எடுத்து எண்ணுகிறேன்.
ஒன்று.
மணிக்கட்டை நக்க வருகிறாள்.
அசையாத மூதி,
இன்னும் எண்ணி முடிக்கலை.