கடலில் பதினேழு அடிபம்புகள்

முதல் வகுப்பில் பிரிசில்லா மேடம்
சாத்துக்குடித் தோலை மேசையில் வைத்து அமுக்கினார்.
ஓரமெல்லாம் கிழிந்தது.
"உருண்டையைத் தட்டையாக்கணும்னா
எதையாவது விட்டுத்தான் ஆகணும்.
பரப்பா, வடிவமா, தூரமா?
நீங்க எதை விடுவீங்க?"

டிகிரி முடித்த பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள்.
நான் எழுதவில்லை.
நெசவாளர் காலனிப் பக்கம்
பதினோரு வருஷம் பிளவுஸ் தைத்தவளுக்கு
இது தெரியாதா?
துணி தட்டை. உடம்பு அப்படியில்லை.
டாட் பிடித்து
கொஞ்சம் துணியை உள்ளே மடித்து மறைத்தால்தான்
மிச்சத் துணி ஒழுங்காக உட்காரும்.
திரையில் கிரீன்லாந்து
ஆப்பிரிக்கா அளவுக்கு வீங்கிக் கிடந்தது.
டாட் பிடிக்கத் தெரியாத யாரோ தைத்தது.

ஆறாம் வாரம் களப்பணி.
எனக்கும் சென்றாயனுக்கும் ஏரியூர்ப் பக்கம்.
அவன் கையில் போன், என் கையில் சோதனைக் குழாய்.
படிவத்தில் ஒன்பது கட்டம்:
பம்பின் எண்,
கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர்,
ஆழம், கைப்பிடி இருக்கா,
புளோரைடு எவ்வளவு, இப்படி.
துல்லியம் நாலு மீட்டருக்குள் வரும்வரை
வெயிலில் அசையாமல் நிற்கவேண்டும்.
புளியமரத்தடியில் ஒதுங்கினால்
பதினெட்டு மீட்டர் என்கிறது.
செயற்கைக்கோளுக்கு நிழல் ஆகாது.

ஒன்பதாவது பம்பில்
குடம் வைத்திருந்த சின்னப்பாப்பா கேட்டார்:
"எழுதிக்கிட்டுப் போனா
வேற தண்ணி வருமா?"
"இது படிப்புக்குங்க" என்றேன்.
சிரித்தார். சிரிக்கும்போதே
முந்தானை வாய்க்கு வந்துவிட்டது.
அதற்குள் பார்த்துவிட்டேன், பல்லில் காவி.
என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார்.
குழாயில் ரோஜா நிறம் வெளுத்து மஞ்சளானது.
2.8 என்று போட்டேன்.
பல்லுக்குக் கட்டம் இல்லை.

திங்கட்கிழமை கோப்பைத் திறந்தால்
தர்மபுரி மாவட்டம் காலி.
சுருக்கிச் சுருக்கித் தேடினோம்.
பதினேழு பம்பும் வங்கக் கடலில்,
அந்தமானுக்குப் போகிற வழியில்,
வரிசை குலையாமல் நின்றன.
"அக்கா, தண்ணிப் பஞ்சம் தீந்துடுச்சு"
என்றான் சென்றாயன்.
வகுப்பே சிரித்தது. நானும்தான்.

மேடம் குனிந்து பார்த்தார்.
"மண்டலம் நாற்பத்துநாலுன்னு குடுத்திருக்கீங்க.
தர்மபுரி டவுனுக்கு அது சரி.
எழுபத்தெட்டாம் தீர்க்கக்கோடு
நம்ம மாவட்டத்தை ரெண்டாக் கிழிச்சுட்டுப் போகுது.
ஏரியூர் நாற்பத்துமூணு."

உலகத்தை அறுபது துண்டாக வெட்டியிருக்கிறார்கள்.
ஒரு தையல்
இண்டூர் தாண்டி எங்கோ சோளக்காட்டுக்குள் ஓடுகிறது.
நாங்கள் பஸ்ஸில் கடந்தபோது
கண்டக்டர் பென்னாகரத்துக்குச் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்.
யாருக்கும் எதுவும் தட்டுப்படவில்லை.
முன்துண்டின் அளவை
முதுகுத்துண்டில் வெட்டிவிட்டேன், அவ்வளவுதான்.
துணியாக இருந்தால் காசு போயிருக்கும்.

நாலை அழித்து மூன்று போடவேண்டும்.
ஒரு நொடி கை நின்றது.
அத்தனை தண்ணீருக்கு நடுவே இருப்பதை இழுத்து
மறுபடி அந்தக் கரட்டிலேயே நிறுத்துவதா?
போட்டேன்.
பதினேழும் எழுந்து வந்து
நாலு மீட்டர் துல்லியத்தில் உட்கார்ந்தன.

ஒன்றரைக்கு மேல் சிவப்பு, கீழே பச்சை.
பச்சை மூன்றே மூன்று.
"நீட்டா வந்திருக்கு" என்றார் மேடம்.
நன்றாகத் தைத்த பிளவுஸில்
டாட்டுக்குள் போன துணி வெளியே தெரியாது.

ஆனால் நான் எப்போதும்
உள்ளே ஒரு இஞ்ச் விட்டுத்தான் தைப்பேன்.
அப்புறம் பிரிக்கவேண்டி வரும்.
எல்லோரும் டீ குடிக்கப் போனபிறகு
அட்டவணையில் பத்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்.
ஐம்பது எழுத்துக்கு மேல் ஏற்காதாம்.
ஒன்பதாவது பம்புக்கு நேரே அடித்தேன்:
வேற தண்ணி வருமான்னு கேட்டாங்க.
இடம் மிச்சம் இருந்தது.