ஊறல்

"கேசரிக்கா, பாயசத்துக்கா?"
கீழமாசி வீதி உலர்பழக் கடைக்காரர் கேட்டார்.
அரைக் கிலோ ஆப்ரிகாட்டுக்கு
மதுரையில் வேறு காரணம் கிடையாது.
இரண்டுக்கும் தலையாட்டினேன்.

வோட்காவை ஜெபராஜ் வாங்கித் தந்தான்.
நர்ஸிங் ஹோம் மருந்தகத்தில் இரவு இருப்பவன்.
குளுக்கோஸ் பெட்டிக்குள் வைத்து,
"மேட்ரன்கிட்ட மட்டும் காட்டிராதீக."

ஊறுகாய் ஜாடியைக் கொதிநீரில் அலசினேன்.
பழத்தை இரண்டாய்க் கிழித்தேன்.
தேன், பட்டையில் ஒரு துண்டு.
மூன்று கொட்டை மட்டும் உடை,
நான்காவதைத் தொடாதே,
டாக்டருக்குப் படிக்கிறாய், ஏனென்று உனக்கே தெரியும்,
என்பாள் அர்பீனே.
சயனைடு. முதலாண்டு பயோகெமிஸ்ட்ரி.
அந்தத் தாளில் நான் தோற்றதே இல்லை.

யெரெவானில் அவள் வீடு ஐந்தாம் மாடி.
காசு போட்டால்தான் லிஃப்ட் நகரும்.
பால்கனியில் பனி, பனிக்குள் ஏழு ஜாடிகள்:
மாதுளை, பச்சை அக்ரூட்,
'ஹோன்' என்றொரு புளித்த சிவப்புப் பழம்.
அதற்குத் தமிழில் பேர் வைக்கும் தேவை
யாருக்கும் வந்திருக்காது.
என் விரல்கள் மரத்துப்போன முதல் குளிர்காலத்தில்
ஒரு விரற்கடை ஊற்றி நீட்டினாள்.
"த்ஸாவத் தானெம்."
உன் வலியை நான் எடுத்துக்கொள்கிறேன்.
சில்லறை தரும்போது காய்கறிக்காரியும்
இதையேதான் சொல்வாள் அங்கே.

போன வியாழன் ஆண்கள் வார்டில்
செக்கானூரணி வெள்ளைப்பாண்டியின் வயிற்றிலிருந்து
நாலு லிட்டர் வடித்தோம்.
பெரிய டாக்டர் ஊசி இறக்கினார்,
நான் பாட்டிலைப் பிடித்திருந்தேன்.
என் ஜாடியின் நிறம்தான், அப்படியே.
"மூச்சு வருது தாயி" என்றார் என்னைப் பார்த்து.
ஊசியைத் தொட எனக்கு இன்னும் உரிமம் இல்லை.
நூற்றைம்பது வேண்டும்.
முதல் தடவை நூற்று முப்பத்தாறு,
அடுத்து நூற்று நாற்பத்தொன்று.

அப்பா மதுவிலக்குப் பிரிவில் முப்பத்தோரு வருஷம்.
நாகமலை அடிவாரத்தில்
உசிலம்பட்டி ஓடைகளில்
பானை பானையாய் உடைத்தவர்.
அவர் காக்கியை அம்மா மூன்று தண்ணீர் அலசுவாள்,
புளிப்பு போகாது.

பத்தொன்பதாம் நாள்
புளிப்பானைக்குப் பின்னால் கை விட்டார்.
மூடியைத் திறந்தார்.
மூக்கை மட்டும் கொண்டுபோனார்.
"வெல்லமா?"
"தேன்."
"காய்ச்சினியா?"
"இல்லப்பா. ஊறப் போட்டதோட சரி."
"காய்ச்சலேன்னா கேசு இல்ல."
மூடியவர்,
திரும்பி வந்து
இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

நாற்பதாம் நாள் ராத்திரி, அம்மா தூங்கியபின்,
இரண்டு எவர்சில்வர் டம்ளர்.
அர்பீனே வீட்டு விதியைச் சொன்னேன்:
யாருக்காக என்று சொல்லாமல்
யாரும் கிளாஸைத் தூக்கக் கூடாது.
அப்பா வெகுநேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
குடிப்பவரில்லை அவர். ஒரு சொட்டும்.

"கருமாத்தூர் ஒச்சம்மா" என்றார்.
"நாலு தடவ உடச்சேன் அவ பானைய.
அஞ்சாவது தடவ போறப்ப
அவளே வெளிய தூக்கிட்டு வந்து வச்சா.
உள்ள புள்ள தூங்குது, சத்தம் போடாம ஒடைங்கன்னா."
டம்ளரைத் தூக்கினார்.
உதட்டுக்குப் போகாமல் கீழே வைத்தார்.

என் முறை.
வெள்ளைப்பாண்டி என்று நாக்கு நுனி வரை வந்தது.
வாடைகூட ஆகாதென்று நானே எழுதிக் கொடுத்த
டிஸ்சார்ஜ் சீட்டு ஞாபகம் வந்து
யார் பேரும் சொல்லாமலே குடித்துவிட்டேன்.
அர்பீனே பார்த்திருந்தால் பிடுங்கியிருப்பாள்.

தொண்டையில் முதலில் சூடு,
பின்னால் பழம்,
கடைசியில், லேசாய்,
அந்த மூன்று கொட்டை.
"எப்படி இருக்கு?" என்றார் அப்பா,
சாட்சி விசாரிக்கிற குரலில்.