நடுநிலைக் கம்பி

மாடிப்படியில் சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டே
சிக்ஸ்டன் இன்றைக்கும் கேட்டார்:
"இரவு தெரியுமா?"
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.
அவர் கதவருகே முக்காலியும் கேமராவும்
நடைக்குக் காத்திருக்கும் நாயைப் போல.

"தெரியலாம்" என்றேன்.
அந்த லாம் போதும் அவருக்கு.
லூலியோவில் பாதிப் பேர்
குளிர்காலத்தைக் கடப்பது அதைப் பிடித்துக்கொண்டுதான்.

முந்தாநாள் மதியம்
சூரியனின் நட்டநடு முகத்தில் ஒரு புள்ளி வெடித்தது.
ஒளி எட்டு நிமிடத்தில் வந்து
சேதி சொல்லிவிட்டுப் போனது.
பின்னால் வருவது பாரவண்டி.
இரண்டு நாள் ஆகும், இரண்டரையும் ஆகும்.
வழியில் மனம் மாறி
ஒதுங்கிப் போனதும் உண்டு.

என் அறைக்கு ஜன்னல் இல்லை.
வட மாகாணத்தின் மின்சாரம் முழுவதும்
ஒன்பது திரைகளில் கோடுகளாய் ஓடுகிறது.
பதினைந்து லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால்
வேலிக்கு வெளியே கட்டிய மணி மாதிரி
ஒரு செயற்கைக்கோள்.
அது அடித்தால்
எனக்கு முக்கால் மணி நேரம்.

நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டு நிமிடம். அடித்தது.

வேகம் மட்டும் போதாது.
வரும் காந்தம் வடக்கு பார்த்து நின்றால்
பூமி கதவைத் திறப்பதில்லை.
தெற்கே சாய வேண்டும்.
இத்தனை வடக்கில் குடியிருந்துகொண்டு
ஊரே விடிய விடியத்
தெற்கை வேண்டிக்கொள்கிறது.
ஊரில் ஒருத்தி மட்டும் வேண்டாமென்று.

சாய்ந்தது.

வானம் ஆடும்போது
பாறைக்குள்ளும் மின்சாரம் ஊறும்.
போக்கிடம் தேடி
மின்மாற்றியின் நடுநிலைக் கம்பி வழியே ஏறும்.
நான்கு ஆம்பியர் என்றால் காபி குடிக்கலாம்.
இருபது என்றால் தொலைபேசியை எடுக்க வேண்டும்.
நாற்பதை நான் பார்த்ததில்லை,
பார்க்க விருப்பமும் இல்லை.

பராமரிப்புக்கென்று பிரித்துவைத்த தடத்தை
மறுபடி இணைக்கச் சொன்னேன்.
அணைக்கட்டு நிலையத்தில் குன்வோர்
"கேள்" என்று கைபேசியை
மின்மாற்றியின் விலாவருகே பிடித்தாள்.
உதைபட்ட தேன்கூட்டின் இரைச்சல்.
பிறகு அவள் பேசவில்லை.

"குன்வோர்?"

"தலைக்கு மேலே" என்றாள்.
"பச்சை. ஓரத்தில் சிவப்பு.
பொறு, இப்போது மடிகிறது."
என் திரையில் பத்தொன்பது.
"விரிகிறது, கிழக்கே, முழுக்க..."
இருபத்தாறு.
"ஐயோ" என்றாள்.
முப்பத்தொன்று.

பதினோரு வருடமாக இந்த நாற்காலி.
வானம் பெருகிய இரவு எல்லாம்
நான் உள்ளே.
நான் விடுப்பெடுத்தால்
சூரியனும் எடுத்துவிடுகிறது.
இன்று ஒருத்தி நிறங்களைச் சொல்லச் சொல்ல
எண்களில் நான் பின்தொடர்ந்தேன்,
பாட்டுத் தெரியாமல்
தாளம் மட்டும் போடுகிறவள் போல.
ஒருமுறை எண் முந்திக்கொண்டது.
"இப்போது எரியும் பார்" என்றேன்.
"உனக்கெப்படித் தெரியும்?" என்றாள்.

மூன்றரைக்கு ஒன்பது. ஐந்துக்கு நான்கு.
ஊரில் ஒரு விளக்கும் இமைக்கவில்லை.
ஆஸ்பத்திரி, ரொட்டிக்கடை அடுப்பு,
யாரோ அணைக்க மறந்த மீன்தொட்டி விளக்கு.
பதிவேட்டில் எழுதினேன்: சிறப்பாக எதுவுமில்லை.

மாடிப்படியில் சிக்ஸ்டன்,
இமையெல்லாம் உறைபனி.
"ஒரு மணிக்கே மேகம் வந்து மூடிவிட்டது.
ஆற்றங்கரையில் நாற்பது பேர்
மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
நீங்களாவது பார்த்தீர்களா?"

"முப்பத்தொன்று வரை" என்றேன்.

கையுறையைக் கழற்றாமல் கொஞ்சம் யோசித்தார்.
"அது என்ன நிறம்?"

நான் பையில்
சாவியைத் துழாவிக்கொண்டிருந்தேன்.