தலைக்கணக்கு

விசேட கல்விக் கோப்புகள் என் மேசையில்.
மற்ற மேசைகளில் சம்பளம், இடமாற்றம், கட்டடம்.
அவை கூச்சல் போடும்.
என்னுடையவை நாடா கட்டிக்கொண்டு
பேசாமல் கிடக்கும்.

சுற்றறிக்கையின்படி ஒரு பிள்ளைக்கு
வருடத்துக்கு ஆயிரத்து நானூறு ரூபாய்.
தலையை எண்ணு, பெருக்கு, அனுப்பு.
பதினொரு வருடம். பெருக்கல் பிழைத்ததில்லை.

பிறகு பாலையூற்றிலிருந்து அந்தக் கடிதம்.
மாணவி ஜதுர்ஷிகா, வயது எட்டு.
தலை நிற்காது, ஆகவே தலை தாங்கும் நாற்காலி.
வாய் வராது, ஆகவே கண்ணால் தொட்டுப் பேசும் படப்பலகை.
வாயிற்கதவு முதல் வகுப்பு வரை மணல்,
ஆகவே சீமெந்துப் பாதை.
ஊட்ட, துடைக்க, தூக்க ஓர் ஆள்.
கூட்டினேன்.
ஒன்பது லட்சத்து எழுபத்தாறாயிரம்.
கீழிருந்து மேலாக மறுபடி கூட்டினேன்.
அதே.
நிற்காத ஒரு தலைக்கு
ஏறக்குறைய எழுநூறு தலைகளின் காசு.

கணக்காளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"ஒரு பிள்ளைக்கோ?"
கொடுமைக்காரர் இல்லை அவர்.
குச்சவெளியில் கூரை ஒழுகும் பள்ளிக்கூடத்தின் கோப்பு
அவர் முழங்கைக்குக் கீழே இருந்தது.
"இந்தக் காசுக்கு அங்க ஓடு மாத்தலாம், பிள்ளை.
முந்நூறு பேர் நனையாம இருப்பினம்."
நான் பதில் சொல்லவில்லை.
என்னிடம் இருக்கவில்லை. இப்போதும் முழுதாக இல்லை.

"சரி, மூண்டு விலைமனு எடுங்கோ."

அந்த நாற்காலியை இறக்குமதி செய்வது
கொழும்பில் ஒரே ஒரு கடை.
சுற்றறிக்கைக்கு அது தெரியாது.
யோகமலர் எங்கிருந்தோ மூன்றைப் பிடித்து வந்தாள்.

எங்கள் அலுவலகம் மாடியில். பத்தொன்பது படி.
விசேட கல்விப் பிரிவுக்கும் அதே பத்தொன்பது படி.
மகளைக் கீழே ஓட்டோவில் விட்டு
மூச்சிரைக்க வந்தவள் இரண்டை நீட்டினாள்.
"மற்றது பிள்ளையின்ர மடியில, மிஸ். மறந்துபோனன்."
ஜன்னலால் எட்டிப் பார்த்தோம்.
திருகோணமலைத் தெருவில் வாழைத்தோல் தின்று வளர்ந்த
புள்ளிமான் ஒன்று
ஓட்டோவுக்குள் தலையை நுழைத்து
மூன்றாம் விலைமனுவை ஆறுதலாக மென்றுகொண்டிருந்தது.
கடை முத்திரை, வரி, மொத்தத் தொகை, எல்லாம்.
பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள்.
சிரிப்பின் வேகத்தில் தலை ஒருகணம் நிமிர்ந்தது,
பிறகு தோளில் சரிந்தது.
அன்றுதான் அவளை முதலில் பார்த்தேன்.
அதுவரை அவள்
ஒன்பது லட்சத்து எழுபத்தாறாயிரம்.

காசு வந்தது டிசம்பர் இருபத்தெட்டு.
முப்பத்தொன்று தாண்டினால்
வந்த வழியே திறைசேரிக்குத் திரும்பிவிடும்.
ஓடினோம்.
நாற்காலிக்கு ஆம். படப்பலகைக்கும் ஆம்.
பாதைக்குப் பாதி.
ஆளுக்கு: புதிய ஆளணிக்கு அனுமதி இல்லை.

இப்போது ஏழரைக்கு யோகமலர் வருகிறாள்.
சீமெந்து முடிகிற இடத்தில்
நாற்காலியைத் திருப்பி, முன்சில்லுகளைத் தூக்கி
மணலில் பின்னோக்கி இழுக்கிறாள்.
ஒன்றரை வரை வகுப்புக்கு வெளியே, வேம்பின் கீழ்.
ஊட்ட, துடைக்க, தூக்க.
கிண்ணியாவில் இறால் உரித்த வேலை போய்விட்டது.

ஆண்டறிக்கையில் ஒரு நிரல் உண்டு,
'உதவியாளர் செலவு'.
'இல்லை' என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
என் கையெழுத்து வடிவானது என்பார்கள்.

குச்சவெளியில் இந்த மாரிக்கும் ஒழுகியதாம்.
இங்கே மிச்சம் பிடித்த ஓர் ஆளின் சம்பளம்
அந்தக் கூரைக்குப் போய்ச் சேரவில்லை.
எங்கே போனதென்று கணக்காளர் கேட்கவில்லை.
நானும்.

அடுத்த வருட மதிப்பீட்டுத் தாள் திறந்திருக்கிறது.
ஆள்: 1 (ஒன்று).
எண்ணிலும் எழுத்திலும்
அழுத்தி எழுதியிருக்கிறேன்,
கார்பன் தாளுக்கு அடியிலும்
தெரியும்படி.