கொடுத்தவர்

எர்ரகுண்டா சபையின் பழைய பதிவேட்டைப்
படியெடுத்துத் தரச் சொன்னார்கள்.
பக்கத்துக்கு ஆறு ரூபாய்,
கரையான் தின்ற பக்கத்துக்கும் அதே ஆறு.

ஐந்து பத்திகள்:
நாள், பிள்ளையின் பெயர், தாய் தகப்பன்,
ஊர், ஞானஸ்நானம் கொடுத்தவர்.
கடைசிப் பத்தியில் இருபத்து மூன்று வருஷம்
ஒரே கையெழுத்து:
தீ. குருபாதம், ஐயர்.

'ரு'வுக்கு வால் நீளம் அவருக்கு.
மை தீர்கிறபோது தண்ணீர் விட்டுக்கொள்வார் போல.
மாசக் கடைசியில் பிறந்தவர்களெல்லாம்
வெளிறிப்போய்ப் பிறந்திருக்கிறார்கள்.
'குதிரைக்குக் கொள்ளு மிஷன் கணக்கில் சேராது'
என்று ஓரத்தில் துரையின் சிவப்பு மை.

தன் பிள்ளைகளையும் அதே பத்திகளுக்குள்தான்
எழுதியிருக்கிறார்.
யோத்தாம், தகப்பன் மேற்படி ஐயர்.
பெர்சியாள், தகப்பன் மேற்படி ஐயர்.
அடக்கப் புத்தகத்தைத் திருப்பினால்
பெர்சியாள், ஒன்றரை வயது, பேதி.
அடக்கம் செய்தவர் தீ. குருபாதம்.
அந்த ஒரு 'ரு'வுக்கு வால் இல்லை.

பிறகு தாது வருஷம்.
ஞானஸ்நானப் புத்தகம் இளைக்க
அடக்கப் புத்தகம் பருக்கிறது.
ஐயர் நாராயணவனம் கஞ்சித்தொட்டியில்
தலை எண்ணிக்கொண்டிருக்கிறார்.
பெப்ருவரி மாசத்தில் ஒரே ஒரு பதிவு.
எழுத்து அவருடையதல்ல,
தமிழே அல்ல.
கரி கரைத்த மையில் உருண்டை உருண்டையாய்த்
தெலுங்கு.

எனக்குத் தெலுங்கு பேச வரும்,
இந்தப் பக்கம் யாருக்குத்தான் வராது,
படிக்க வராது.
பத்து வருஷம் கழித்து யாரோ உபதேசியார்
சென்னைக்கு அனுப்ப எடுத்த நகலில்
அந்த வரி தமிழில் இருந்தது:
தீமோன், ஒன்பது நாள்,
தாய் லோவிசாள், தகப்பன் தீ. குருபாதம்.
கொடுத்தவர் என்ற இடத்தில்
தள்ளி.

தள்ளிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.
மூலத்தில் பக்கத்திலேயே சிவப்பு மை இருக்கிறதே,
'இது செல்லாது, அடிக்கவும்.'
நானும் தள்ளி என்றே எழுதி
அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

நகரி பஸ் ஸ்டாண்டில் டீ ஆறுகிற நேரத்தில்
போனிலிருந்த படத்தைக் கண்டக்டர் வாங்கிப் பார்த்தார்.
தல்லி, என்றார்.
தள்ளியா?
ளகரம் இல்லை சார், லகரம்.
நாக்கைப் பல்லடியில் வைத்துக் காட்டினார்.
தல்லின்னா அம்மா.
உங்களுக்குத் தெரியாததா?

தெரியும்.
தினம் காதில் விழுகிற சொல்.

குருபாதத்தின் கை ஒரு ராத்திரி நடைத் தூரத்தில்.
பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது.
கிணறு வற்றி மூன்று மாசம்.
பானையடியில் இருந்தது ஒரு கை தண்ணீர்,
பால் ஊற அவள் குடித்திருக்க வேண்டியது.
அதைத் தொட்டு மூன்று முறை வைத்தாள்,
பிதா, குமாரன், ஆவி.
எந்தப் பாஷையில் சொன்னாளோ.

அழுதாளா என்று பதிவேட்டில் இல்லை.
அவருடைய பெட்டியைத் திறந்திருக்கிறாள்,
புத்தகத்தை எடுத்திருக்கிறாள்.
பத்திகளை விரலால் எண்ணியிருப்பாள்.
நாள், பெயர், தாய் தகப்பன், ஊர்,
ஐந்தாவதில்
தன் பெயரைக்கூட எழுதவில்லை.

ஐயர் அடிக்கவில்லை.
சிவப்பு மைக்குக் கீழே, இடமே இல்லாத இடத்தில்,
எறும்பு எறும்பாய் ஒரு வரி:
'பார்த்தேன். தீ. குருபாதம்.'
எதைப் பார்த்தார்,
துரையின் மையையா, அவள் எழுத்தையா,
பானையையா?
அடுத்த மாசத்திலிருந்து கொள்ளுத் தகராறு இல்லை.
குதிரை செத்ததா, விற்றாரா, தெரியாது.

ராத்திரி என் படியை எடுத்து
தள்ளி என்பதை அடித்தேன்.
தாய் என்று எழுதப் பேனா போனது.
வேண்டாமென்று
தல்லி என்றே எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன்.

அடித்தல் திருத்தல் இருந்தால்
அந்தப் பக்கத்துக்குப் பணம் கிடையாது.
எழுத்துப் பிழை என்று வேறு கேட்பார்கள்.
கேட்கட்டும்.