கடைசியாகப் பயன்படுத்தியது

பஸ் நிலையத்துக்கு எதிரே என் கடை.
இரண்டு கணினி, ஒரு பிரின்டர்,
வாசலில், எறிந்த ரசீதுகளை மென்றுகொண்டு
இந்த ஊர் மான்கள்.

ஜெஸீமா கிண்ணியாவிலிருந்து வந்திருந்தார்.
மடிக்கணினியைத் துவாயில் சுற்றியிருந்தார்,
பாலத்துக் காற்றில் அதற்குத் தடிமன் பிடித்துவிடும் என்பதுபோல.
மகளின் பரீட்சை விண்ணப்பம். இன்றுதான் முடிவு.
பக்கம் திறக்கவில்லை.
பதினோராம் அறைக்குப் போ என்று நான்காம் அறையும்
நான்குக்குப் போ என்று பதினொன்றும் சொல்கிற
கச்சேரியைப்போல
தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருந்தது.

"பழைய குக்கி கிடக்கு ராத்தா. அழிச்சாச் சரி."
"என்ன கெடக்கு?"

ஒரு துண்டு என்றேன்.
போகிற இடமெல்லாம் நம் பைக்குள் செருகிவிடும் துண்டு.
மறுமுறை அதை வாங்கிப் பார்த்துத்தான்
நம்மை ஆரென்று அறிவார்கள்.
இப்போது அவர்கள் பூட்டை மாற்றிவிட்டார்கள்,
நாம் போன வருடத்துச் சாவியை நீட்டுகிறோம்.

அமைப்புகள். தனியுரிமை. தரவை நிர்வகி.
பட்டியல் விரிந்தது.
பிறர் பட்டியலைப் பார்க்காமலிருக்கப் பழகியவன் நான்.
ஆனால் கடை சின்னது, திரை பெரிது.

வங்கி, நான்கு குக்கி.
தோஹா வானிலை.
சீனி வருத்தக்காரருக்கான சமையல்.
சதுரங்கம், இரண்டு மெகாபைட்.
எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே வரி:
கடைசியாகப் பயன்படுத்தியது ஏழு மாதங்களுக்கு முன்பு.

ஜெஸீமா அந்த வரியில் விரலை வைத்தார்.
"ஏழு மாசம். சரியாத்தான் வெச்சிருக்கு."

'எல்லாத்தையும் அழிச்சா வேகமா ஓடும்.'
நாளுக்கு இருபது பேருக்குச் சொல்கிற வசனம்.
நாக்கு வரை வந்து
அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

பரீட்சைத் திணைக்களத்தின் வரியை மட்டும் தேர்ந்து நீக்கினேன்.
பக்கம் திறந்தது.
பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர்: நவ்பீல்.
தந்தையின் தொழில் என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் கம்பி மினுங்கிக்கொண்டே நின்றது.

பிரின்டர் இரைகையில் கேட்டார்:
"இத அழிச்சா, அங்க தெரியுமா தம்பி?"
இல்லை ராத்தா, இது இங்கே உள்ளதுதான்.
அங்கே அவர்கள் எழுதிவைத்திருப்பது வேறு.
அதற்கு நம் கை எட்டாது.
"அது சரி," என்றார்,
நான் வேறெதையோ சொன்னதுபோல.

பிறகு அந்தச் சதுரங்கத்தைத் திறக்கச் சொன்னார்.
பாதி ஆட்டம்.
எந்த ஊர்ச் சேர்வரிலும் இல்லை,
இந்தப் பெட்டிக்குள் மட்டும் இருந்தது.
வெள்ளைக் குதிரை வெட்டுப்படும் இடத்தில்.
"குதிரையத்தான் எப்பவும் உட்டுக்குடுப்பாரு."
ஒற்றை விரலால் அதை இழுத்துக் காப்பாற்றினார்.
கணினி உடனே ஒரு காலாளை நகர்த்தியது,
இவ்வளவு நாள் காத்திருந்ததாகவே
காட்டிக்கொள்ளாமல்.

பட்டியலை மூடப் போனபோதுதான் கண்டேன்.
சதுரங்கத்துக்கு எதிரே மட்டும் வரி மாறியிருந்தது:
இப்போதுதான்.
ஜெஸீமாவும் கண்டார்.
ஒன்றும் சொல்லாமல்
துவாயை உதறிச் சுற்றத் தொடங்கினார்.

நூற்றைம்பது ரூபாய். கிண்ணியா பஸ் ஹோர்ன் அடித்தது.
நான் எழுதிக் கொடுத்த பற்றுச்சீட்டு மேசையிலேயே கிடந்து
காற்றில் விழுந்து
மானுக்குப் போனது.

கடைக் கணினிகளை இரவு எட்டுக்கு அழித்துவிடுவேன்,
அன்றன்றைக்கு வந்தவர் யாரும் மிஞ்சாமல்.
இன்று எட்டரை ஆயிற்று.